நியாண்டர்தால் நிறுத்தம்

ஐந்து மணிக்குக் குசினி விளக்கைப் போட்டால்
மெட்மான் நகரத்தில் எனக்கு முன்னமே
விழித்திருப்பது ஃபிரிட்ஜ் மட்டும்.
அதன் மூன்றாவது தட்டில்
ஞாயிறு இரவே சுட்டு அடுக்கிய
பன்னிரண்டு முட்டைக் கேக்குகள்.
மாவில்லை, சீனியில்லை.
கீரை, வெங்காயம், மிச்சக் கோழி,
ஒரு பச்சை மிளகாய்.
விமலரூபன் வைத்த பெயர்: பஞ்சகால மஃபின்.

சோறு இல்லை, பாண் இல்லை, பருப்பு இல்லை, பால் இல்லை.
இந்த நாலையும் எங்கட சமையலில் இருந்து எடுத்தால்
மிஞ்சுவது கறிவேப்பிலையும் கோபமும்தான்
என்றார் முதல் கிழமை.
தேங்காய் மிஞ்சும் என்றேன்.
மீன் மிஞ்சும்.
நேற்று அவித்த வத்தாளங்கிழங்கை
இன்று தாச்சியில் இரண்டு நிமிடம் பிரட்டினால்
அதன் ஓரம் கருகும் மணத்துக்கே
மிதுனா அலாரம் இல்லாமல் எழும்புவாள்.
கோபமும் மிஞ்சியது, உண்மைதான்.
பத்து நாள்.

மெலிவதற்காக இல்லை.
நான் வேலை செய்வது ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில்.
ஜாம் பூசிய இரண்டு பணிஸ் தின்ற காலைகளில்
பத்து மணியாகும்போது என் விரல் நடுங்கும்.
பழைய தழும்புகளுக்கு இடையில்
நாளம் தேடும் விரல் நடுங்கலாமா?
கிழவர்கள் ஒன்றும் சொல்வதில்லை.
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

ஹைகேதான் சொன்னாள்:
ஆதிமனிதன் தின்றதைத் தின்.
தின்கிறேன் ஹைகே.
ஆனால் ஆதிமனிதனுக்குத் திங்கட்கிழமை இருந்ததா?
காட்டெருமையைத் துரத்தியவன்
ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் செருப்புமாக
மாதச்சீட்டைத் தேடி வீட்டுக்குள் திரும்பி ஓடினானா?
பிள்ளையின் நீச்சல் பையை யார் வைப்பது என்று
குகை வாசலில் நின்று சண்டை பிடித்தானா?

மெட்மானில் ஏறினால் அடுத்த நிறுத்தம் நியாண்டர்தால்.
அறிவிப்புக் குரல் அதை
வேறெந்த ஊரையும் போலச் சொல்லும்.
கதவு திறக்கும். ஈரக் காற்று ஏறும்.
அந்த நேரத்தில் ஆட்கள் ஏறுவதில்லை.
கதவு மூடியதும் என் டப்பாவைத் திறப்பேன்,
அதற்கு முன் திறப்பதில்லை,
ஏனென்று கேட்டால் தெரியாது.

சுண்ணாம்புக்கல் உடைத்தவர்கள்
இங்கேதான் அந்த எலும்புகளைக் கண்டார்களாம்.
கரடியாக்கும் என்று ஒதுக்கிப் போட்டார்களாம்.
மிதுனாவின் வகுப்போடு துணைக்குப் போனபோது
அருங்காட்சியகத்தில் வாசித்தேன்:
அவனுடைய இடது கை முறிந்து, கோணலாகப் பொருந்தி,
அதற்குப் பிறகும் அவன் வாழ்ந்திருக்கிறான்.
கொட்டையை உடைக்க ஒரு கை போதாது.
பிடிக்க ஒன்று, குத்த ஒன்று.
யாரோ உடைத்துக் கொடுத்திருக்க வேண்டும்.
ஹைகே தந்த பட்டியலில் அந்த யாரோ இல்லை.

இன்று வியாழன். மஃபின் முடிந்துவிட்டது.
நொய்ஸ் துறைமுகக் கிடங்கில் இரவு வேலை முடித்து
இவர் வாசலில் ஏற, நான் இறங்க,
"பையில் வைச்சிருக்கிறன்" என்ற ஒரு சொல்
படிக்கட்டில் எங்களைக் கடந்து போனது.

கதவு மூடியது. திறந்தேன்.
அவித்த முட்டை இரண்டு, இவர் உரித்தவை.
ஓட்டோடு வெள்ளையிலும் பாதி போய்
எலி கடித்த நிலவு மாதிரி.
கடதாசியில் முறுக்கிய உப்பும் மிளகும்.
அதற்கடியில், நன்றாக ஒளித்து,
வெண்ணெய் பூசிய பாண் ஒரு துண்டு.

முட்டையைக் கடித்தேன்.
ஓட்டுத் துணுக்கு ஒன்று பல்லில் நெறிந்தது.
பாணுக்கு என்ன நடந்தது என்று
ஹைகேயிடம் சொல்லவேண்டாம்.
எர்க்ராட் வந்தபோது
மடியில் கடதாசியும் கொஞ்ச உப்பும் கிடந்தன.
விரலை நீட்டிப் பார்த்தேன்.
நடுங்கவில்லை, இன்னும் பத்து மணி ஆகவில்லை.